உளி எடுத்த வெள்ளிக்கிழமை

அலுமினியத்தில் இறுகிப்போன எபாக்ஸிப் பசையை எப்படி எடுப்பது என்று போன வாரம், பட்டறை நடத்தும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்து கேட்டார். ஐந்து நிமிஷத்தில் பதில் வேண்டுமாம். வேலை கொடுத்த பார்ட்டி வாசலில் நிற்கிறாராம். எனக்கு வந்த எரிச்சலை நான் மறைக்கவில்லை. "பார்ட்டிக்கு ஒரு நாற்காலி போடுங்க, டீ வாங்கிக் கொடுங்க, இல்லேன்னா நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தலைக்கனம் பிடித்த கிழவன் என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். இதே போல் பார்ட்டி வாசலில் நின்ற ஒரு நாளில் நான் என்ன செய்தேன் என்று இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு அவர் மறுபடி கூப்பிடட்டும்.

முறையைச் சொல்ல நாலு வரி போதும். பாகத்தை ஓவனில் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். பசை இளகும்போது மூங்கில் சில்லால் தள்ளி எடுக்க வேண்டும். ஆறிப்போனால் மறுபடி ஓவன். மிஞ்சும் படலத்துக்குப் பெயின்ட் ரிமூவர். காஸ்டிக் சோடாத் தொட்டியின் பக்கமே போகக் கூடாது. இரும்பைக் குளிப்பாட்டும் தொட்டி அது, அலுமினியத்தைத் தின்றுவிடும். உளி, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் எதுவும் கிட்டே வரக் கூடாது. இவ்வளவுதான் சமாச்சாரம். எங்கள் பட்டறை முதலாளி இதை என் முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ளவே முடியாது.

கிண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதும், மேற்குத் தாம்பரத்தில் படப்பை போகும் சாலையை ஒட்டியிருந்த ஒரு பாயின் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். சுனாமி வந்து போய் ஓரிரு வருஷம் ஆகியிருந்த நேரம். என்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டைச் சமன் செய்வது, அலுமினிய வெல்டிங், என்ஜின் பிரித்துப் பூட்டுவது என்று எல்லாம் நடக்கும். நான் மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் பாய் முதல் பட்டறையைக் கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் நான் 'சார்'தான்.

அந்த வருஷங்களில் ஊரில் இருந்த ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு டியூப் பசை வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒன்றைப் பிதுக்கி இன்னொன்றைப் பிதுக்கிக் குழைத்தால் உலகத்தில் எதையும் ஒட்டிவிடலாம் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியேட்டரில் பசை. கார்புரேட்டரில் பசை. குன்றத்தூரிலிருந்து ஒரு வேன் டிரைவர் வந்தார். ஆயில் ஒழுகுகிறது என்று, ஆயிலை வடிக்கும் போல்ட்டையே பசையால் மூடிக் கட்டியிருந்தார்.

"இன்னா சார் சிரிக்கிறீங்க? ஒரு சொட்டு ஒழுகுதா பாருங்க."

"ஒழுகாதுப்பா. பழைய ஆயில எப்படி வெளிய எடுக்கறது?"

அவர் நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குத்தான சார் உங்க கைல வந்துகிறேன்."

இப்படிப்பட்டவர்களோடு நாள் முழுக்கப் பேசினால் யாருக்கும் குரல் உயரும். எனக்கு உயர்ந்தது. பாய்க்கு உயராது. அவர் பசையைப் பார்த்து "பேஜார்" என்று ஒரு வார்த்தை சொல்வார், பாகத்தை ஓவனில் வைப்பார், அடுத்த வேலைக்குப் போய்விடுவார். பார்ட்டியை ஒன்றும் சொல்ல மாட்டார். வியாபாரத் தந்திரம் என்று அப்போது நினைத்தேன்.

பாய் வீட்டுக்கு மீன் கொடுப்பவர் கன்னியம்மா. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்பார். அவர் கணவர் ஏழுமலை. கன்னியம்மாவின் அண்ணன் தேசப்பன். மச்சான்கள் இருவரும் சேர்ந்து ஒரு ஃபைபர் போட் வைத்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தது. இரண்டு குடும்பத்துக்கு ஒரு போட், ஒரு என்ஜின். கடல் தண்ணீரை இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் சின்ன என்ஜின். அதன் ஹெட்டின் மேல் ஒரு மூடி இருக்கும். உப்பு அரித்து மூடியில் ஓட்டை விழுந்தது. ஏழுமலை இரண்டு டியூபையும் பிதுக்கி அடைத்துவிட்டார். பசை ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, ஹெட்டில் தண்ணீர் ஓடும் வழிகளை எல்லாம் அடைத்துக் கல்லாகிவிட்டது. என்ஜின் கொதித்து நின்றது. ஹெட்டையும் மூடியையும் ஒரு சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு ஏழுமலை எங்களிடம் வந்தார்.

"இத யாரு போட்டது?" என்றேன்.

"நாந்தான் சார்."

"எதுக்குய்யா?"

"ஒழுகிச்சு சார். போட்டுல ஓட்டைன்னா இதத்தான போடுவோம்?"

"போட்டும் இன்ஜினும் ஒண்ணா?"

"ரெண்டும் கடல்லதான சார் கீது."

பாய் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. மூளை இருக்கிறவன் உலோகத்தில் பசை வைப்பானா, ஒரு மெக்கானிக்கைக் கேட்க வாய் இல்லையா என்று பட்டறையே கேட்கும்படி பேசினேன். ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"திட்டுங்க சார், பரவால்ல. ஆனா நல்லா பண்ணிக் குடுத்துடுங்க. எம் மச்சான் சொல்லிட்டான். நீ கை வச்சு இன்னொரு வாட்டி கடல்ல என்ஜின் நின்னுச்சுன்னா போட்டு வேற, வூடு வேற, உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னுட்டான். அவன் சொன்னா சொன்னதுதான் சார். எம் பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான்."

மூடியின் ஓட்டையைப் பாய் அன்றே கேஸ் வெல்டிங்கில் அடைத்துவிட்டார். ஹெட்டுக்குள் இறுகிய பசையை எடுப்பது என் வேலை. "ரெண்டு நாளு ஆவும்" என்று பாய் சொன்னார். ஏழுமலை மறுநாளே வந்து நின்றார். வெள்ளிக்கிழமை.

"ஆச்சா சார்?"

"ஓவன்ல இருக்கு."

கொஞ்ச நேரத்தில் மறுபடி. "இப்ப சார்?"

"ஓவன்ல இருக்குன்னு சொன்னேனே."

"காணாங்கத்த மீனு ஓடுது சார். பக்கத்து போட்டுக்காரன்லாம் போட்டு ரொம்பி வந்துகினு கீறான். நாங்க கரைல குந்திகினு பாக்குறோம். மச்சான் பேசவே மாட்றான்."

பாய் தொழுகைக்குக் கிளம்பிப் போனார். அவர் போன சிறிது நேரத்தில் கரண்ட் போனது. அந்தக் காலத்தில் தாம்பரத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று கேட்பதே அசட்டுத்தனம். மற்ற ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஓவனுக்குள் ஹெட் ஆறிக்கொண்டிருந்தது. பாதிப் பசை வந்திருந்தது, பாதி வரவில்லை. ஏழுமலை வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்கு ஒரு தொல்லையாக இருந்தது. "போய் ஏதாவது சாப்பிட்டுட்டு வாய்யா" என்று விரட்டினேன். போனார்.

அவர் போனதும் உளியை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்பதை நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அவசரம் என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. அந்தப் பசையின் மீது எனக்கு இருந்தது கோபம். இந்த மனிதர்கள் செய்கிற முட்டாள்தனத்தை எல்லாம் நான் உட்கார்ந்து மூங்கிலால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டுமா என்ற கோபம். முதல் இரண்டு தட்டில் பசை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வந்தது. எவ்வளவு சுலபம், இதற்குப் போய் இரண்டு நாளா என்று தோன்றியது. மூன்றாவதோ நான்காவதோ, உளி வழுக்கியது.

அலுமினியம் எவ்வளவு மிருது என்று கையில் உளியோடு இருக்கும்போதுதான் தெரியும். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் சமதளத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. தண்ணீர் வழிக்கும் எரிபொருள் வெடிக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தடுப்பில் ஓரமாக ஒரு துண்டு பெயர்ந்து போனது. அடிபடவே கூடாத இடம். பாய் வந்து வெல்டிங் வைத்து, மெஷினில் ஏற்றிச் சமன் செய்தால் சரியாகிவிடும். அதற்குக் கரண்ட் வேண்டும், இன்னும் ஒரு நாள் வேண்டும். ஏழுமலையிடம் "என் கை தவறிவிட்டது, நாளைக்கு வாருங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியவில்லை. முந்தின நாள்தான் அவரை மூளை இல்லாதவர் என்று ஊரைக் கூட்டித் திட்டியிருந்தேன். பார்ட்டியைத் திட்டாதீர்கள் என்று நான் உங்களிடம் சொல்வது மரியாதைக்காக மட்டும் இல்லை. திட்டியவனால் அடுத்த நாள் தன் தவறை வாய் திறந்து சொல்ல முடியாது. பாய் ஏன் யாரையும் திட்டுவதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கி என்ன பயன்?

பட்டறை அலமாரியில் ஒரு டப்பா இருந்தது. உலோகத் தூள் கலந்த, சாம்பல் நிறப் பசை. ஆணி அடித்த ஓட்டைகள், உடைந்த கைப்பிடிகள் இவற்றுக்காக வாங்கி வைத்தது. சூடு தாங்கும் என்று மேலே அச்சடித்திருந்தார்கள். குழைத்தேன். பள்ளத்தில் வைத்தேன். வெயிலில் காய வைத்தேன். பிறகு எமரித் தாளைக் கண்ணாடி மேல் விரித்து, தளம் வழவழவென்று ஆகும் வரை தேய்த்தேன். உலோகம் எது, பசை எது என்று எனக்கே தெரியவில்லை. மிச்சமிருந்த வெள்ளைப் பசையையும் மெல்லத் தட்டி எடுத்து முடித்தேன். நான் படித்த படிப்பு அன்றைக்கு முழுசாகப் பயன்பட்டது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

பாய் திரும்பி வந்து பார்த்தார். "முடிச்சிட்டீங்களா சார்? அதுக்குள்ளயா?"

"சூடு இருக்கும்போதே வந்துடுச்சு பாய்."

ஏழுமலை ஹெட்டைக் கையில் வாங்கி, குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல் துண்டால் துடைத்தார். "கண்ணாடி மாரி கீது சார்" என்றார். சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

சில வாரங்கள் ஓடின. காணாங்கத்தை வந்தது, போனது. நல்ல பாடு, வலை நிறைய மீன் என்று கன்னியம்மா பாய் வீட்டில் சொன்னாராம். நான் கூட மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மனசாட்சி உறுத்தித் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதினால் பொய்.

பிறகு ஒரு நாள் காலை, ஒரு ஆட்டோவில் முழு என்ஜினையும் ஏற்றிக்கொண்டு ஏழுமலையும் தேசப்பனும் வந்து இறங்கினார்கள். தேசப்பனை அன்றுதான் முதல் முறை பார்க்கிறேன். பெரிய உருவம், கொஞ்சமாகத்தான் பேசுவார். கரையே தெரியாத தூரத்தில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. காற்று வேறு. வலை இழுத்த இழுப்பில் போட் சாய்ந்திருக்கிறது. தேசப்பன் தன் வலையைத் தானே அறுத்துவிட வேண்டி வந்தது. வேறொரு போட் பார்த்துக் கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தது.

பாய் ஹெட்டைக் கழற்றினார். தண்ணீர் வழியில் குச்சியை விட்டுக் குடைந்தார். விரல் நகம் அளவு ஒரு பசைத் துண்டு வெளியே வந்து விழுந்தது. சாம்பல் நிறம். சூட்டில் விட்டுப்போய், வழியில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. அது பெயர்ந்த பள்ளத்தைக் கரி மூடியிருந்தது.

"அல்லாவே" என்றார் பாய். "இது இன்னா, இன்னும் உள்ள கீது?"

யாரும் கேட்காமலே ஏழுமலை சொன்னார். "என் பசைதான் பாய்."

தேசப்பன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொன்னேனா இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

"மச்சான், சுத்தமா எடுத்துட்டாங்கன்னுதான்..."

"எடுத்துட்டாங்க. நீ போட்டது எங்கெங்க பூந்துச்சோ. படிச்ச மனுஷன் உள்ள பூந்து பூந்தா பாப்பாரு?"

பாய் என்னைப் பார்த்தார். "முழுசா வந்துச்சுன்னுதான சார் சொன்னீங்க?"

ஏழுமலையின் பசை வெள்ளை. வெளியே விழுந்தது சாம்பல். பட்டறையில் அதைக் கவனித்த ஒரே ஆள் நான். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வந்துடுச்சுன்னுதான் நெனச்சேன் பாய். ஒரு மூலைல கொஞ்சம் தங்கியிருக்கும் போல."

அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடி கூட ஆகவில்லை.

"வுடு சார், உங்க மேல இன்னா தப்பு" என்று ஏழுமலையே எனக்குச் சமாதானம் சொன்னார். திரும்பிப் போகும்போது தேசப்பன் ஆட்டோவில் ஏறினார். ஏழுமலையை ஏறச் சொல்லவில்லை. அவர் நடந்து போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் கன்னியம்மா வாயால் கேட்டேன். அவர் மார்க்கெட்டில் உட்காரும் இடம் நான் குடியிருந்த மாடம்பாக்கத்துக்குப் பஸ் ஏறப் போகும் வழியில்தான். வேறு வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். தாம்பரத்தில் எந்த வழியாகப் போனாலும் கடைசியில் அந்த மார்க்கெட்டில்தான் கொண்டுபோய் விடும்.

"இன்னா சார், பாக்காத மாரி போறீங்க? மீனு நாறுதா, மூஞ்சி நாறுதா?"

"அதெல்லாம் இல்லம்மா. எப்படி இருக்கீங்க?"

"எப்புடி இருக்கறது? எங்க அண்ணன் போட்ட எடுத்துகினு தனியாப் போயிடுச்சு. எம் புருஷன் ஊரான் போட்டுல கூலிக்குப் போறாரு. அதே கரைலதான் ரெண்டு பேரும் எறங்குறாங்க. ஒருத்தன் வடக்க பாத்துகினு நிப்பான், ஒருத்தன் தெக்க பாத்துகினு நிப்பான். நடுவுல நான் யாரு மீன எடுக்கறது சொல்லுங்க. புருஷன் மீன எடுத்தா அண்ணனுக்குக் கோவம், அண்ணன் மீன எடுத்தா புருஷனுக்கு ரோசம். எல்லாம் அந்த மனுஷன் வச்ச பசையால வந்தது. வூட்ல இப்ப ஒடஞ்ச பக்கெட்டக் கூட ஒட்ட வுட மாட்டேன்."

நான் ஒரு கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு நெத்திலி பிடிக்காது.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. எத்தனை முறை அந்தக் கூடையின் முன்னால் நின்றிருப்பேன்! ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நிற்பேன். அவர் மீனை எடுத்துத் தராசில் போட்டுவிடுவார், அடுத்த ஆள் வந்துவிடும், நான் நகர்ந்துவிடுவேன். சொல்வதற்குச் சரியான நேரம் ஒன்று வரும் என்று நம்பினேன். வரவே வராது. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கன்னியம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"சார், பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. தண்ணி ஊத்துறோம். பாயும் நீங்களும் அவசியம் வரணும்."

"ரொம்ப சந்தோஷம்மா."

"இன்னா சந்தோஷம்? தாய்மாமன் இல்லாம பண்றோம் சார். எங்க அண்ணன் வர மாட்டேன்னு சொல்லி அனுப்பிடுச்சு. மாமன் சீரு இல்லாம எம் பொண்ண மணைல குந்த வச்சா, நாளைக்கு எவன் மதிச்சு பொண்ணு கேப்பான்? பந்தல்ல அத்தினி பேரும் மாமன் எங்க, மாமன் எங்கன்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? பசையில ஒட்டிகினு வரலன்னு சொல்லவா?"

கன்னியம்மா பேசும்போது சிரிப்பார், திட்டுவார். அழுது அன்றுதான் பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மீன் செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணின் முதல் விசேஷத்தில் மாமன் இடம் காலியாக இருக்கப் போகிறது. நான் குழைத்த பசையால்.

நேராகப் பட்டறைக்குத் திரும்பிப் போய்ப் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும், நான் எதிர்பார்த்தபடி கத்தவில்லை. அலுத்துப்போன குரலில் பேசினார்.

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை நான் வந்த ஒடனே சொல்லியிருந்தா இன்னா சார் ஆயிருக்கும்? ரெண்டு வார்த்த திட்டியிருப்பேன். வெல்டிங் போட்டுக் குடுத்திருப்பேன். முடிஞ்சு போச்சு. சரி, அன்னைக்கு வுட்டீங்க. என்ஜின் திரும்பி வந்தப்பவாச்சும் சொன்னீங்களா? நான் வேற ஹெட்டு மாத்திக் குடுத்து அவங்க கால்ல வுழுந்திருப்பேன். இப்ப வந்து என் கைல சொன்னா? போங்க. போய் தேசப்பன் கைல சொல்லுங்க."

மறுநாள் குப்பத்துக்குப் போனேன். தேசப்பன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். உளியை எடுத்தது, வழுக்கியது, சாம்பல் பசையை வைத்தது, தேய்த்தது, அன்று பாய் கேட்டபோது வாய் கூசாமல் மழுப்பியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை.

"ஏழுமலை உங்கள அனுப்புனானா சார்?"

"இல்ல. அவருக்கு இது தெரியவே தெரியாது."

"அப்ப என் தங்கச்சி."

"யாரும் அனுப்பலய்யா. நானாத்தான் வந்தேன். நான் செஞ்சது."

"ஏன் சார், செஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டீங்க? உங்களுக்கு இன்னா பயம்? நானா உங்கள அடிச்சிருப்பேன்?"

பசையின் நிறத்தைச் சொன்னேன். ஏழுமலை வைத்தது வெள்ளை, வந்தது சாம்பல் என்றேன்.

"உப்புத் தண்ணில ஊறுனா வெள்ள எங்க சார் வெள்ளயா இருக்கும்?"

"பாயக் கேட்டுப் பாரு."

அவர் உடனே செல்போனை எடுத்துப் பாயிடம் பேசினார். "ஆமா பாய்... அப்படியா பாய்... சரி பாய்." போனை மடித்துவிட்டுச் சிரித்தார்.

"பாயும் ஆமான்றாரு. ரெண்டு பேரும் பேசி வச்சுகினு வந்துகிறீங்க. பொண்ணு நல்லதுக்குன்னு நீங்க உங்க தலைல போட்டுக்கறீங்க. எனக்குப் புரியாதா சார்? படிச்சவரு, வெள்ளச் சட்ட போட்டவரு, நீங்க போய் ஹெட்டுல பசை வப்பீங்களா? அது எம் மச்சான் புத்தி."

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? ஒரு பொய்யை அரை வாக்கியத்தில் சொன்னேன். அத்தனை பேரும் நம்பினார்கள். உண்மையை மூச்சு வாங்க வாங்கச் சொல்கிறேன். ஒரு ஆள் நம்ப மாட்டேன் என்கிறார். "நான்தான்யா, நான்தான்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேசப்பன் எழுந்து என் தோளைத் தொட்டார்.

"கத்தாதீங்க சார். வரேன். உங்க மொகத்துக்காக வரேன்."

தவறு நடந்த அன்றே சொன்னால், அது வெறும் செய்தி. கேட்பவர் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். நாள் கடத்திச் சொன்னால் கேட்பவர்கள் அதற்குள் தங்களுக்கு ஒரு கதையைக் கட்டிக்கொண்டுவிடுகிறார்கள். அதில் யார் நல்லவர், யார் மடையன் என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. பிறகு நீங்கள் போய் நின்றால் அந்தக் கதையில் உங்களுக்கு என்று ஒதுக்கிய இடத்தில்தான் உட்கார வைப்பார்கள். உங்கள் பட்டறையில் ஒரு பாகம் உடைந்தால், உடைந்த துண்டு கீழே விழுவதற்குள் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

விசேஷத்துக்குப் பாயும் நானும் போனோம். தேசப்பன் வந்தார். மேளத்தோடு வந்தார். தட்டு தட்டாகச் சீர் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் பெண்கள் பின்னால் வந்தார்கள். மாமன் மாலையைப் போட்டதும் அந்தப் பெண் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னியம்மா அண்ணனைப் பார்த்து அழுதுகொண்டே வசைபாடினார். "ஒரு வருஷமா தங்கச்சி இருக்கறது கண்ணுக்குத் தெர்ல, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" மச்சான்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குச் சந்தனம் பூசி, முன் வரிசையில் நாற்காலி போட்டார்கள். தேசப்பன் தன் சொந்தக்காரர்களை வரிசையாக அழைத்து வந்து காட்டினார். "இவருதான் அந்த சாரு. நம்ம குடும்பம் சேரணும்னு, எம் மச்சான் பண்ண தப்ப தான் பண்ணேன்னு சொல்லிகினு கடக்கரைக்கே வந்துட்டாரு."

"இல்லீங்க" என்றேன். "அது நிஜமாவே நான் பண்ணது."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. "பாத்தியா, இன்னும் அதையேதான் சொல்றாரு!" என்றார் ஒரு பெரியவர். நான் பாயைப் பார்த்தேன். பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னியம்மா குனிந்து என் காதருகே, "போதும் சார், சேந்துட்டாங்க. இதோட வுட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். "நான் பண்ண பாவத்துக்கு நீங்க பேரு கெட்டீங்களே சார்" என்றார். கூட்டிக்கொண்டு போய் எனக்கு முதல் இலை போட்டார். வேறு யாரையும் விடாமல், அவரே நின்று பரிமாறினார்.